நனைந்த உடம்பில் வியர்வை

இல்லை, அது குளிர் இல்லை. குளிர் இருந்தது, அருவியை விட்டு வெளியே வந்த எல்லோரும்தான் நடுங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் நீ நடுங்கியது அதனால் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. உன்னிடம் சொல்வது எளிது. உனக்கு அன்றைக்கே தெரியும்.

எதிர் வீட்டில் சுக்குக் காப்பி கொதிக்கிறது. ஆனி பிறந்து தென்காசியில் சாரல் விழத் தொடங்கிவிட்டது. யாருக்கோ தொண்டை கட்டியிருக்கும். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து காயும் வாசனை தெருவைக் கடந்து என் அறைக்குள் வந்துவிட்டது. சன்னலைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடியும் சாத்தினேன். சென்னையில் இந்தத் தொல்லை கிடையாது. விடுதியில் காப்பிக்குச் சீனிதான்.

நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தூங்கவும் இல்லை. சற்று முன் நாடியைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். எழுபத்தெட்டு. நாக்கின் அடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஒரு கோடு கூட ஏறவில்லை, இறங்கவில்லை. நான் அறைக்குள் இங்கும் அங்கும் நடக்கிறேன்; உடம்பு எனக்கு என்ன வந்தது என்று கேட்காமல் தன் வேலையைச் செய்கிறது. பட்டினி போட்டால் ஈரலைத் திறந்து சர்க்கரையை எடுத்துக்கொடுக்கிறது. வேகமாக நடந்தால் வியர்க்க வைத்துச் சூட்டை இறக்குகிறது. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டா இது நடக்கிறது?

நீ கேட்ட கேள்விதான் இது. நான் கல்லூரியில் சேர்ந்த முதல் விடுமுறையில், உங்கள் வீட்டு மாடியில். உடலியல் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தேன். நீ விரலை வைத்து வரிவரியாகப் படித்தாய்.

"என்னட்டி இது, ரத்தத்துல சீனி எப்பவும் ஒரு அளவுலதான் நிக்கும்ங்கான்? மூணு வேளை தின்னாலும், பட்டினி கிடந்தாலும்?"

"ஆமா. கூடிப்போனா கணையம் இறக்கி விடும். குறைஞ்சா ஈரல், சேத்து வச்சதை வெளிய விடும்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்ல வேண்டாம். தானா நடக்கும்."

நீ புத்தகத்தை மூடினாய். "தானா ஒண்ணும் நடக்காதுட்டி. உள்ள ஒருத்தி உக்காந்து பாத்துக்கிடுதா. வேர்க்க வைக்கா, நடுங்க வைக்கா, தாகம் எடுக்க வைக்கா. உனக்குள்ள இருக்கா. எங்கம்மைக்குள்ள இருக்கா. எனக்குள்ள இருந்தவ சொல்லாம கொள்ளாம ஓடிப்போயிட்டா. அவ வேலையை இப்ப நான்லா பாக்கேன்."

உனக்குப் பதினாறு வயதில் அவள் ஓடிப்போனாள். பள்ளிக்கூடத்தில் நீ பானைத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தாய் என்று சிரித்தோம். இரண்டு மாதத்தில் உன் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்தன. உங்கள் வீட்டுப் புறவாசல் சாக்கடையில் எறும்பு மொய்க்கிறது என்று உன் அம்மா டாக்டரிடம் சொன்னாள். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லையாம். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து ரயிலில் இன்சுலின் வந்தது. காலையில் ஸ்பிரிட் விளக்கு, ஊசி கொதிக்கும் கிண்ணம், சோதனைக் குழாயில் நீல மருந்து. அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் நின்றால் நல்ல நாள். பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறம் வந்தால் உன் அம்மா அழுவாள்.

நான் சென்னையில் படித்ததை நீ உன் மேல் நடத்திக்கொண்டிருந்தாய். எனக்குப் பாடம். உனக்கு அன்றாடம்.

உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் இரண்டு அதிரசம் ஒளித்துத் தின்றாயே, அன்றிலிருந்து உனக்கு வீட்டில் கள்ளி என்று பெயர். மறுநாள் காலையில் குழாயில் செங்கல். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் தினமும் உன் கையை வாங்கி மோந்து பார்த்த பிறகுதான் படுக்கவிடுவாள். நீ கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். "போலீசு சோதனை," என்பாய்.

அப்போதே டாக்டர் சொல்லியிருந்தார். நீ, நான், உன் அம்மா மூவரும் இருக்கும்போதுதான் சொன்னார். ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை அளவுக்குக் கீழே போய்விடும். நடுக்கம் வரும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். கையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கட்டும். உன் அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "சீனி வியாதிக்குச் சீனியைக் கொடுக்கச் சொல்லுதாரு, இவரு எங்க படிச்சாரோ," என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். என் புத்தகத்தில் அதே விஷயம் ஒரு பத்தியாக இருந்தது. பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். பரீட்சைக்கு வரும் என்று.

குற்றாலம் போக வேண்டும் என்று நீ ஒரு வாரம் அடம்பிடித்தாய். கடைசியில் உன் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"என் தலையில கை வச்சுச் சொல்லு. ஒரு பொட்டு இனிப்பு அவ வாயில போகாதுன்னு."

வைத்தேன். அவள் தலை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. உள்ளங்கையில் அது ஒட்டியது இன்னும் நினைவிருக்கிறது. நீ கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏட்டி, பாத்து நடந்துக்கோ. எங்கம்மையக் கொன்னுறாத," என்றாய்.

காலை ஏழு மணிக்கு ஊசி. இரண்டு இட்லி. வில்வண்டியில் புளிச்சோற்றுத் தூக்கு, மாற்றுப் புடவை, சீயக்காய் டப்பா, நீ துணியில் சுற்றி எடுத்துக்கொண்ட வெப்பமானி. ஒன்பது மணிக்குக் குளியல், பத்துக்குச் சாப்பாடு என்று நீயே திட்டம் போட்டாய். போன உடனே மண்டபத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிட்டோம். தலையிலிருந்து பாதம் வரை. நல்லெண்ணெய் வழிய எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது: மேலே மலையில் மழை. அருவி சிவந்து பெருகி வந்தது. பெண்கள் பக்கம் யாரையும் விடவில்லை.

காத்திருந்தோம். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. தூக்கு பக்கத்திலேயே இருந்தது. எண்ணெய்த் தலையோடு யாராவது சோற்றில் கை வைப்பார்களா? குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவது. எனக்கும் அது தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. அந்த மண்டபத்தில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த ஒருத்தியும் அன்று சாப்பிடவில்லை. அவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குள்ளே ஆள் இருந்தது.

பன்னிரண்டுக்குத் தண்ணீர் தணிந்தது. நீ முதலில் ஓடினாய். ஒரு முறை நனைந்துவிட்டு வந்து, வெப்பமானியை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாய். எடுத்துப் பார்த்தோம். அரை டிகிரி இறங்கியிருந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா, இவ்வளவு தண்ணி தலையில கொட்டுது, அவ அசரல."

"ஓடிப்போயிட்டான்னு சொன்ன?"

"சூட்டைப் பாக்கவ வேற, சீனியப் பாத்தவ வேறட்டி. இவ நல்லவ."

மறுபடியும் போனாய். அருவியின் அடியில் நீ நின்றது எனக்குத் தெரியும். தோளில் தண்ணீர் உடைந்து சிதறியது. உன் வாய் திறந்திருந்தது. கத்தினாயா, பாடினாயா, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு கவளத்தையும் அளந்து தின்றவள், அந்தக் கொஞ்ச நேரம் எதையும் பார்த்துக்கொள்ளாமல் நின்றாய். அதனால்தான் நான் கூப்பிடவில்லை. அதற்காக மட்டும் நான் வருந்தவில்லை.

வெளியே வந்தாய். நடுங்கினாய். நானும் நடுங்கினேன். உன் நெற்றியில், மேலுதட்டில், கழுத்தில் எல்லாம் நீர். அதில் எது அருவி, எது வியர்வை? நனைந்த உடம்பில் வியர்வை தெரியாது. வெப்பமானி உன் கையிலிருந்து கல்லில் விழுந்து உடைந்தது. நீ சிரித்தாய். சிரிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. புடவைக் கொசுவத்தைச் செருகத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான்தான் செருகிவிட்டேன். திடீரென்று என் கையைத் தட்டிவிட்டாய்.

"என்னட்டி பாக்க? கள்ளியப் பாக்க மாதிரி?"

பிறகு குனிந்து சீயக்காய் டப்பாவைத் தேடினாய். மூடியைத் திறக்க இரண்டு தரம் வழுக்கியது. சீயக்காய்ப் பொடிக்குள் விரலை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாய். உள்ளே நெல்லிக்காய் அளவு கருப்பட்டி.

நான் உன் கையைப் பிடித்தேன்.

"தா," என்றாய்.

"மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஏட்டி... அது... எனக்கு அது..." சொல் வரவில்லை. உன்னிடமிருந்து சொல் வராமல் போனது அன்றுதான் முதல் தடவை.

"அழுதாலும் கிடையாது. கல்யாணத்துல தின்னது போதாதா?"

விரல்களைப் பிரித்துப் பிடுங்கினேன். உனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். கருப்பட்டி உடைந்து, பெரிய துண்டு என் கையில் வந்தது. அதைத் தண்ணீரில் எறிந்தேன். ஒரு சில்லு உன் உள்ளங்கையில் மிஞ்சியது எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்த செங்கோட்டைக்காரி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தம்ளரை ஆற்றிக்கொண்டே எழுந்து வந்தாள்.

"பிள்ளைக்கு வெடவெடங்குது பாரு தாயி. சூடா ஒரு வாய் குடிக்கட்டும். துட்டு வேண்டாம்."

"வேண்டாம்க்கா. கருப்பட்டி அவளுக்கு ஆகாது."

"கருப்பட்டி ஆகாத உடம்பா? கொள்ளாம்!" நன்றாயிருக்கிறது என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு அவள் தம்ளரோடு திரும்பிப் போனாள்.

இரண்டு தடவை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

நீ கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். கோபம் என்று நினைத்தேன். தூக்கைத் திறந்து, "சாப்பிடு," என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. இருக்கட்டும், கோபம் தணியட்டும் என்று என் தலையைத் துவட்டினேன். சீப்பை எடுத்துச் சிக்கெடுத்தேன். என் கூந்தல் பாதி உலரும் நேரம். அவ்வளவு நேரம். அதை நான் நிமிடத்தில் கணக்கிட முயன்றதில்லை.

வண்டியில் உனக்குக் கை கால் வெட்டி இழுத்தது. இரண்டு முறை. தென்காசிக் கோயிலின் பிளந்த கோபுரம் கண்ணில் பட்டபோது நீ இல்லை.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். உன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊசி எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு நேராக என்னைப் பார்த்து, "இனிப்பு ஏதாவது கொடுத்தீங்களா?" என்றார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அம்மா உன் வலது கையை விரித்துவிட்டாள். உள்ளங்கையில் கறுப்பாகச் சில்லு ஒட்டியிருந்தது.

"யாரும் கொடுக்கல டாக்டர். இவளே களவாண்டு தின்னுருக்கா. பாருங்க. பாருங்க இதை."

"தின்னாளா?" டாக்டர் குழம்பிப் போனார். "தின்னிருந்தா..." என்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இருதயமாத்தான் இருக்கணும்," என்றார்.

இனிப்பு போகாததால் என்ன ஆயிற்று என்று தெரிந்தவர் அவர். இனிப்பு போகவில்லை என்று தெரிந்தவள் நான். இரண்டையும் சேர்க்க ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ என்னட்டி செய்வ, பிடுங்கத்தான் பாத்துருக்க. அவதான் கள்ளி," என்று அழுதாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் சூடாக இறங்கியது.

பிறகு சென்னை. பரீட்சை. அந்தப் பத்தி கேள்வியாக வந்தது. முழு மதிப்பெண்ணுக்கு எழுதினேன்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. உன் தங்கைக்கும் வந்துவிட்டது என்று என் அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள். அதே தாகம். அதே எறும்பு. அதே ஸ்பிரிட் விளக்கு அதே மாடத்தில். சின்னவளுக்குப் பதின்மூன்று வயது. உன் தாவணியைக் கட்டியிருந்தாள்.

பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நாரில் முடிச்சு விழவில்லை. மறுபடி மறுபடி போட்டாள், அவிழ்ந்துகொண்டே இருந்தது. வெளியே சாரல், வீட்டுக்குள் ஈரக் காற்று. அவள் மேலுதட்டில் மட்டும் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது.

காய்ந்த உடம்பு. இந்த முறை எனக்குத் தெரிந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அத்தை, இவளுக்குச் சோறு போடுங்க. இப்பவே."

"மணி பதினொண்ணுகூட ஆகல. அடுப்படியில நின்னா, அதான் வேர்க்குது."

"போடுங்க அத்தை!"

நான் கத்தியதில் பயந்துபோய்ப் போட்டாள். நாலு கவளம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கை நின்றது. முடிச்சு விழுந்தது. உன் அம்மா, "பசிதான் போலிருக்கு," என்றாள்.

வீட்டில் இனிப்பு என்று எதுவும் கிடையாதாம். கருப்பட்டிப் பானையை ஆற்றிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாளாம். பெருமையாகச் சொன்னாள். சின்னவள் கையையும் தினமும் மோந்து பார்க்கிறாள்.

"டாக்டர் ஒரு துண்டு கையில வச்சுக்கச் சொல்லலையா?"

"சொல்லத்தான் சொல்லுதாரு. அவருக்கென்ன, பெத்தவரா? கருப்பட்டிக்கு மூத்தவள வாரிக் கொடுத்தேன். இவளையும் கொடுக்கணுமா?"

"டாக்டர் சொல்லுறதுதான் சரி அத்தை."

"நீயுமாட்டி சொல்லுத? நீ கையப் பிடிச்சு இழுத்தும் தின்னுட்டு செத்தாளே, அதைப் பாத்துட்டுமா சொல்லுத?"

எந்தப் புத்தகத்தை விரித்துக் காட்டினாலும் அவள் நம்பப் போவதில்லை. அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், உன் உள்ளங்கையில்.

வாசல் வரை சின்னவள் கூடவே வந்தாள். "யக்கா, அக்கா நெசமாவே களவாண்டு தின்னாளா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"எனக்கும் சில நேரம் அப்படி இருக்கும். கை நடுங்கும், எதையாவது எடுத்துத் தின்னுருவேனோன்னு தோணும். அப்ப இப்படி மூடிக்கிட்டு உக்காந்துருவேன்." கையை இறுக மூடிக் காட்டினாள். நகம் பதிந்த இடம் வெளுத்திருந்தது.

நேற்றிலிருந்து என் கண்ணில் அந்தக் கைதான்.

ஒன்று சொல்கிறேன். நீ ஒரு விஷயத்தில் தவறிவிட்டாய். உனக்குள்ளே இருந்தவள் ஓடிப்போகவில்லை. சர்க்கரையை இறக்கும் வேலையைத்தான் விட்டிருந்தாள். குறைந்தபோது செய்ய வேண்டியதை எல்லாம் அன்று அவள் செய்தாள். ஈரலில் இருந்ததைத் துடைத்துக் கொடுத்துப் பார்த்திருப்பாள். போதவில்லை. இதயத்தை அடித்துக்கொள்ள வைத்தாள். வியர்க்க வைத்தாள். நடுங்க வைத்தாள். கடைசியாக உன் கையையே எடுத்துச் சீயக்காய் டப்பாவுக்குள் விட்டாள். உன்னிடம் சொல் தீர்ந்த பிறகும் அந்தக் கை சரியான இடத்துக்குப் போனது. அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்தேனே, அது அவளுடையது. அவள் கதவைத் தட்டினாள். வாசலில் நான் நின்றிருந்தேன்.

நான் சுமப்பது இதைத்தான். உன் விரல்களைப் பிரித்த என் விரல்களின் பலத்தை. வேறு நினைவுகளும் உண்டு. இது முன்னால் வந்து நிற்கிறது.

எதிர் வீட்டுக்குப் போய் ஒரு வட்டுக் கருப்பட்டி கேட்டு வாங்கினேன். அம்மிக் குழவியால் தட்டி உடைத்தேன். நெல்லிக்காய் அளவில் எட்டுத் துண்டு வந்தது. காகிதத்தில் மடித்தேன். கிளம்புகிறேன்.

*

போய் வந்தேன்.

உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. ஊசியிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னேன். எண்ணெய், காத்திருந்தது, டப்பா, உன் கை, என் கை, காப்பிக்காரி, சீப்பு. டாக்டர் கேட்டது, நான் சொல்லாமல் விட்டது. முறம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்ப எம்பிள்ள களவாங்கலையா?" என்றாள்.

"இல்ல அத்தை. மருந்துக்கு எடுத்தா. நான் பிடுங்கிட்டேன்."

"தின்னவும் இல்லயா?"

"தின்னவும் இல்ல."

"மூணு வருசமா அவளுக்குப் படைக்கயில ஒரு பொட்டு இனிப்பு வைக்கலையேட்டி நான்."

எழுந்து வந்து என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கினாள். சின்னவளைக் கூப்பிட்டாள். ஒரு துண்டை எடுத்து அவள் தாவணி முந்தியில் வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"நீ போ. இனிமே இங்கன வராத."

குடையை அங்கேயே விட்டுவிட்டேன் என்று சிற்றாற்றுப் பாலத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். தலையைத் துவட்டினேன். சோறு போட்டுச் சாப்பிட்டேன்.